எங்கள் ஊர்க் குழிகளைத் தயவுசெய்து பாராட்டாதீர்கள்

லா ஃபெர்னோல்,
ஏப்ரல் 3

'அமைதிப் பாதைகள்' சைக்கிள் இதழின் ஆசிரியர் அவர்கள் சமூகத்திற்கு, லா ஃபெர்னோல் குக்கிராமத்தில் பால்மாடு வைத்துப் பிழைக்கும் அன்செல்ம் பூர்தியே பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி ஒதிலும் முப்பத்தொரு பசுக்களும் ஒரு காளையும் நலம். உங்கள் அலுவலகத்தில் அனைவருடைய முழங்காலும் இடுப்பும் அவ்வாறே நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். பாரிஸில் மழை எப்படி என்று விசாரிப்பதுதான் மரியாதை. ஆனால் எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

உங்கள் மார்ச் இதழில், காரும் இரைச்சலும் இல்லாத சரளைப் பாதைகளில் முதலிடம் என்று ஒன்றைத் தூக்கி வைத்து எழுதியிருக்கிறீர்களே, அது என் வீட்டு வாசலில் போகிறது. 'நாகரிகத்தின் கை படாத நாலு கிலோமீட்டர்' என்கிறீர்கள். ஐயா, அந்தக் கை ஒருமுறையாவது படாதா என்று நான் பத்தொன்பது வருஷமாக மனுப் போட்டுக்கொண்டிருக்கிறேன். நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து, என் தொழுவத்தைத் தொட்டு, காட்டைச் சுற்றி மறுபடி நெடுஞ்சாலையில் சேரும் அந்த வழியில்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் பால் வண்டி வந்தாக வேண்டும். 'இயற்கை பொறுமையாகச் செதுக்கிய பள்ளத்தாக்கு' என்று நீங்கள் படம் போட்ட இடத்தில்தான் நவம்பரில் அந்த வண்டியின் அச்சு முறிந்தது. போகட்டும், நாற்பத்தேழாம் பக்கத்தில் 'சிரித்த முகத்துடன் கையசைத்து வரவேற்கும் கிராமத்துப் பெரியவர்' என்று ஒரு படம் இருக்கிறதே, அது நான். நான் வரவேற்கவில்லை. காளை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது, திரும்பிப் போங்கள் என்று கையை ஆட்டினேன். முகத்தில் இருப்பது சிரிப்பும் அல்ல, கத்தல்.

இதழ் வெளியான முதல் ஞாயிற்றுக்கிழமையே என் முற்றத்தில் இருபத்தாறு கார்கள் நின்றன. கார் இல்லாத பாதையைத் தேடிக் காரில் வந்திருக்கிறார்கள், கூரை மேல் சைக்கிளைக் கட்டிக்கொண்டு. மோசமான பாதைக்கென்றே செய்த சைக்கிளாம் அது. என் டிராக்டரைவிட நல்ல சக்கரம். வந்தவர்களில் ஒரு அம்மாள், பால் கறந்துகொண்டிருந்த ஒதிலிடம் வந்து, "ஒரு காபி கிடைக்குமாங்க? ஓட்ஸ் பால் ஊத்தி?" என்று கேட்டாள். மாட்டுப் பாலுக்குப் பதிலாகத் தானியத்தைப் பிழிந்த பாலை முப்பத்தொரு பசுக்கள் முன்னால் கேட்டாள் ஐயா. ஒதில் நிமிர்ந்து பார்த்து, "ஓட்ஸைக் காலைல இதுங்களுக்குப் போட்டாச்சும்மா. அது பாலாத்தான் இப்ப வருது, வேணும்னா குடிங்க" என்றாள். இன்னொருவர் உங்கள் வாசகர் பகுதிக்கு எழுதியதையும் படித்தேன். பாதை அருமை, ஆனால் நடுவில் ஒரு டிராக்டர் எதிரே வந்து அமைதியைக் கெடுத்தது, சாணமும் சிந்தியது, ஆகவே ஐந்துக்கு நாலு நட்சத்திரம்தான் என்று எழுதியிருக்கிறார். அந்த டிராக்டரும் நான்தான். அதற்குக் கீழே நீங்கள், 'உள்ளூர்வாசிகள் வார இறுதியில் வேலை நேரத்தை மாற்றிக்கொள்வார்கள் என எதிர்பார்ப்போம்' என்று குறிப்பு வேறு போட்டிருக்கிறீர்கள். மாட்டு மடிக்கு வார இறுதி தெரியாது.

இதையெல்லாம் நான் சகித்துக்கொண்டிருப்பேன். ஆனால் பால் வண்டி ஓட்டும் லுதோ அன்று அந்தக் கார்களுக்கு நடுவில் மாட்டி, அரைமணி நேரம் ஹாரன் அடித்து, கடைசியில் இறங்கி நடந்தே வந்தான். "அண்ணே, கம்பெனில முடிவா சொல்லிட்டாங்க. மே மாசத்துக்குள்ள ரோடு சரியாகலன்னா இந்தப் பக்கம் வண்டி கிடையாது. இன்னொரு அச்சு முறிஞ்சா எனக்கும் வேலை போயிரும்" என்றான். வண்டி வராவிட்டால் பாலை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? முப்பத்தொரு பசுவும் சந்தைக்குத்தான் போகும். சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், தார் போட உத்தரவு பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. தேதி கேட்கலாம் என்று காத்திருந்தபோது சாலை அலுவலகத்திலிருந்து மதாம் ப்ராதெல் என்ற அதிகாரி அம்மாள் வந்தார். கையில் தார் இல்லை, உங்கள் இதழ் இருந்தது.

"இதுல போய் எப்படிங்க தார் போடுறது? நம்ம மாவட்டத்துக்கே பெருமை இது!"

"பெருமை மேல பால் வண்டி ஓடாதும்மா. குழி மேலயும் ஓடாது."

"குழின்னு சொல்லாதீங்க ஐயா. 'பாரம்பரிய மேடுபள்ளம்'னு புதுசா ஒரு பிரிவே போட்டிருக்கோம். நீங்களா கல்லு மண்ணு எதையும் கொட்டிராதீங்க, அது குத்தம்."

அவர் போனதும் நான் குற்றம் செய்யக் கிளம்பினேன். இடிந்த பன்றிக் கொட்டகையின் கல்லை ஒரு டிரெய்லர் நிறைய ஏற்றிக்கொண்டுபோய் முதல் குழியில் கொட்டி மண்வெட்டியால் தட்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் எட்டு சைக்கிள்கள் வந்து நின்றன. "ஐயையோ, என்ன பண்றீங்க பெரியவரே? இதைப் பார்க்கத்தானே லியோன்லேருந்து வர்றோம்!" என்று ஒருவர் அலறினார். நான் விளக்கிச் சொல்வதற்குள் எட்டு பேரும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, நான் போட்ட கல்லை வெறுங்கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வேலிக்கு அப்பால் வீசினார்கள். குழி பழையபடி ஆனதும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படத்திலும் நான் கையை ஆட்டுகிறேன்.

ஒதிலிடம் புலம்பினேன். அவள் சூப்பைக் கிளறிக்கொண்டே, "பத்தொம்பது வருஷமா நீ எழுதின மனுவ ஒருத்தன் படிச்சானா? அவங்க ஒரே தடவ எழுதினாங்க, நாடே படிக்குது. அந்தப் பத்திரிகைக்கே எழுதித் தொலையேன். ஆனா கொஞ்சம் அழகா எழுது, திட்டிராத" என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம். திட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. இங்கே சாணம், ஈ, குரைக்கும் நாய், அவிழ்ந்த காளை, சிடுசிடுக்கும் கிழவன் எல்லாம் உண்டு, அமைதி மட்டும் கிடையாது, நாங்கள் எழுதியது தவறு என்று அடுத்த இதழில் மறுப்புப் போடுங்கள். அதைப் பார்த்தால் மதாம் ப்ராதெல் மனம் இறங்குவார், தார் வரும், லுதோ வருவான், என் மாடுகள் தொழுவத்திலேயே இருக்கும். எனக்கு வேண்டியது வழவழவென்று ஒரு கறுப்புச் சாலை, அவ்வளவுதான்.

எவ்வளவு கொதித்து எழுதினாலும் முடிக்கும்போது பணிவாக முடிப்பது இந்த நாட்டு வழக்கம். ஆகையால் தங்கள் மீது நான் கொண்டுள்ள ஆழ்ந்த மதிப்பின் அடையாளங்களைத் தயைகூர்ந்து ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன். தங்கள் குடும்பத்தார்க்கும் சைக்கிள்களுக்கும் ஒதிலின் அன்பு.

தங்கள்,
அன்செல்ம் பூர்தியே

பின்குறிப்பு (ஏப்ரல் 28): மேற்படிக் கடிதத்தை உறையில் போட்டு டிராக்டர் பெட்டியில் வைத்து மறந்துவிட்டேன். நல்லவேளை. அதைத் தயவுசெய்து அச்சிட வேண்டாம். நடந்தது இது. மதாம் ப்ராதெலின் மேலதிகாரி, பாரம்பரிய மேடுபள்ளத்தைத் திறந்து வைப்பதற்காகப் புதுச் சைக்கிளில் வந்து, நாடாவை வெட்டி, முப்பதடி ஓட்டி, உங்கள் பள்ளத்தாக்கில் விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டார். பத்தொன்பது வருஷத்து மனு செய்யாததை ஒரு எலும்பு செய்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை தார் வந்தது. வியாழக்கிழமை லுதோ வந்து ஒதிலின் கையைப் பிடித்து முத்தமிட்டான். வெள்ளிக்கிழமை நெடுஞ்சாலைப் பாலத்தில் பழுது என்றார்கள், எல்லோருடைய கைபேசியும் எங்கள் சாலையைக் குறுக்கு வழி என்று கண்டுபிடித்துவிட்டது. இன்று காலை மேய்ச்சலிலிருந்த மாடுகளைச் சாலையின் எதிர்ப்பக்கத் தொழுவத்துக்குக் கூட்டிவர இரண்டே கால் மணி நேரம் ஆனது. மடி கட்டி அவை கதறின. லாரி, பஸ், கல்யாணக் கார் என்று போய்க்கொண்டே இருக்கிறது. நேரத்துக்குப் பால் கறக்க முடியவில்லை, லுதோ வந்து காலித் தொட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். இப்படியே போனாலும் முப்பத்தொன்றும் சந்தைக்குத்தான். நான் இரும்புக் கலப்பையை டிராக்டரில் மாட்டிவிட்டேன், ஆனால் குழி விஷயத்தில் எனக்கு ரசனை போதாது, நீங்கள்தான் விவரம் தெரிந்தவர்கள். காரும் லாரியும் திரும்பிப் போக வேண்டும், பால் வண்டி மட்டும் வர வேண்டும் என்றால் எத்தனை அங்குல ஆழம்? திரும்பும் தபாலில் எழுதுங்கள், தோண்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.