திலகவதி டீச்சரும் கையைத் தூக்கிய புலியும்

ஒரு காட்டில், ஓடைக்கு அந்தப் பக்கம், ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடம் இருந்தது. இரண்டாம் வகுப்புக்குத் திலகவதி டீச்சர். அவர் ஒரு வெள்ளாடு. குமிழன் என்ற குரங்குப் பிள்ளை விட்டத்தில் தொங்கிக்கொண்டு எல்லார் வாலையும் இழுப்பான். டீச்சர் கத்துவார். கத்தக் கத்த அவன் இன்னும் இழுப்பான். சாயங்காலம் டீச்சருக்குத் தொண்டையில் காற்றுதான் வரும்.

ஒருநாள் ஆசிரியர் பயிற்சி நடத்த ஒரு நரி வந்தது.

"பிள்ளை தப்புச் செய்தால் பார்க்காதீர்கள். நீங்கள் பார்ப்பதுதான் அவனுக்குப் பரிசு. நல்லது செய்தால் அந்த நிமிஷமே பாராட்டுங்கள், கடலை கொடுங்கள். எந்தப் பிராணியும் வழிக்கு வந்துவிடும்" என்றது.

மறுநாள் குமிழன் வாலை இழுத்தான். டீச்சர் பார்க்கவில்லை. தலைகீழாக நின்றான், மேசைமேல் ஆடினான். யாரும் பார்க்கவில்லை. சலித்துப்போய் உட்கார்ந்தான். உடனே ஒரு கடலை.

"குமிழன் எவ்வளவு அழகா உட்கார்ந்திருக்கான்! கைதட்டுங்க!"

ஒரே வாரத்தில் வகுப்பு கப்சிப். டீச்சருக்குப் போன குரல் திரும்பி வந்தது.

அப்போதுதான் வேங்கடபதி என்ற புலி உள்ளே நுழைந்தது. நல்ல பசி.

டீச்சர், 'பார்த்தால் அதுவே பரிசாகிவிடும்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பினார்.

"நாலும் மூணும் எத்தனை?"

"ஏழு டீச்சர்!" என்றது வகுப்பு. ஒருவரும் புலியைப் பார்க்கவில்லை.

வேங்கடபதி உறுமியது. கூரை ஓலை உதிர்ந்தது. டீச்சர் பலகையில் ஏழு என்று எழுதினார்.

"நான் புலி" என்றது அது, கொஞ்சம் சந்தேகத்தோடு. "உங்களைச் சாப்பிட வந்திருக்கேன்."

டீச்சர் கூரையைப் பார்த்துச் சொன்னார்: "கையைத் தூக்கிட்டுப் பேசுறவங்க பேச்சுதான் என் காதில விழும்."

புலி விழித்தது. இப்படி ஓர் அவமானம் அதற்கு நேர்ந்ததே இல்லை. தயங்கித் தயங்கி ஒரு முன்னங்காலைத் தூக்கியது.

"ஆஹா! வேங்கடபதி எவ்வளவு அழகா கையைத் தூக்குறான்!"

வகுப்பே கைதட்டியது. அதுவரை தன்னைக் கண்டவர்கள் ஓடித்தான் அதற்குப் பழக்கம். கண் கலங்கிவிட்டது. கொடுத்த கடலையைத் தோலோடு தின்றுவிட்டு முதல் பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்தது. டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் கடலை புலிக்கு எந்த மூலைக்கு? கொஞ்ச நேரத்தில் மறுபடி கை தூக்கியது.

"டீச்சர், தயவுசெஞ்சு உங்களைச் சாப்பிடலாங்களா?"

இவ்வளவு மரியாதையாக அந்தப் பள்ளியில் இதுவரை யாரும் கேட்டதில்லை. நல்ல நடத்தை. முடியாது என்றால் நரி சொன்ன பாடமே வீண். சரி என்றால் பாடம் எடுக்க ஆளில்லை.

"ரொம்ப சமத்து" என்றார் டீச்சர். "தாராளமா சாப்பிடலாம் கண்ணு. ஆனா, சாப்பாட்டு மணி அடிக்கணும்ல?"

"ஆமாங்க டீச்சர்" என்று வேங்கடபதி உட்கார்ந்தது. வாயில் எச்சில் ஒழுகியது.

அன்றிலிருந்து அங்கே மணியே அடிக்கவில்லை. மணி அடிக்காமல் யாரும் வீட்டுக்குப் போவதும் இல்லை. வகுப்பு இப்போது நூற்றுப் பதினேழாம் வாய்ப்பாட்டில் இருக்கிறது. பெற்றோர், இந்தக் காலத்தில் இப்படி ஒரு டீச்சரா என்று மெச்சுகிறார்கள்.

நீதி: ஒழுக்கமுள்ள புலி மணி அடிக்கும் முன் யாரையும் தின்னாது. ஆகவே நல்ல பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பதில்லை.