அது இல்லாத பாஷை

கம்பவுண்டரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆபீஸ் பியூன் நல்லுசாமி மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். ஆபீசில் கால் ஒடிந்து கிடந்தது ஒரு நாற்காலி.

"அவ காலு ஒடிஞ்சிருச்சு, ஆளைக் கூட்டிட்டு வான்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"ஆசாரியைச் சொன்னேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார் திவாரி சார். அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலைக்கு வடக்கிலிருந்து வந்த அதிகாரி அவர். தமிழைப் புத்தகம் வைத்துப் படித்தவர். "இன்னொரு தப்பு செய்தால் நீ சுண்ணாம்புக் குவாரிக்குப் போவாய்!"

குமாஸ்தா அமிர்தலிங்கம்தான் சூட்சுமத்தைச் சொன்னார்.

"இந்தியில 'அது'ங்கிறதே கெடையாதுப்பா. ஒண்ணு ஆம்பள, இல்லாட்டி பொம்பள. நாற்காலி பொம்பள, ஃபேன் ஆம்பள. ஏன், உன் மீசைகூட பொம்பளதான்!"

"மீசையா?" நல்லுசாமி அதைக் கையால் மூடிக்கொண்டான். ஆனாலும் விஷயம் பிடிபட்டுவிட்ட தெம்பு அவனுக்கு.

அடுத்த வாரம் திவாரி சார் கூப்பிட்டார். "நாளை அவள் ரயிலில் வருகிறாள். என் அம்மா வீட்டிலிருந்து. வயசு அறுபது. ரொம்ப கனம். கால் ஆடுகிறது. பார்த்து இறக்கு."

'என்கிட்டயேவா! ஏதோ மரச்சாமான்தானே!' என்று சிரித்துக்கொண்டே மறுநாள் மாட்டுவண்டி பிடித்தான் நல்லுசாமி. வைக்கோலும் தாம்புக்கயிறும் எடுத்துக்கொண்டான்.

ரயில் நகர்ந்ததும் பிளாட்பாரத்தில், கனத்த சரீரமும் நடுங்கும் காலுமாக ஓர் அம்மாள் நின்றிருந்தார். நல்லுசாமி கையிலிருந்த கயிறு நழுவியது.

'அடப்பாவி! பெத்த தாயையில்ல சொல்லியிருக்காரு! கட்டித் தூக்கியிருப்பனே!'

"நமஸ்தே மாஜி!" என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். அம்மாளுக்கு வாய் கொள்ளாத வெற்றிலை. தலையை மட்டும் ஆட்டினார். வண்டியைக் காட்டினான், அதற்கும் ஆட்டினார்.

செய்யவிருந்த பாவத்துக்குப் பரிகாரமாக வழியில் இன்னும் கொஞ்சம் வெற்றிலை, முழம் மல்லிகை. வெயில் படாமல் குடை பிடித்து, வண்டியோடு நடந்தே வந்தான்.

வாசலுக்கு வந்த திவாரி சார் கைகூப்பினார். "உன் அம்மாவா நல்லுசாமி? வணக்கம் அம்மா! சரி, அவள் எங்கே? என் மேசை?"

அம்மாள் வண்டிக்கு வெளியே தலையை நீட்டி வெற்றிலையைத் துப்பினார்.

"மேசையெல்லாம் அப்பறம் பாருங்க. வண்டி எப்பப்பா எங்க ஊரு மீன்சுருட்டிக்குக் கெளம்பும்?"