சாகவிடாத சேர்

கொழும்பில் ஆகக் கூடுதலான உயிர்களைக் காப்பாற்றியவர் எங்கள் வாத்தியார் 'செத்தவீட்டு சேர்'தான். களுபோவில ஆஸ்பத்திரி டொக்டர்மார் கோபிக்கக் கூடாது.

வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் ஓ.எல். சோதனைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குச் சிறுகதை எழுதப் பழக்கினார் சேர். நாங்களோ கொலைகாரக் கூட்டம். முதல் பக்கத்தில் அம்மாவுக்குப் புற்றுநோய், அடுத்த பக்கத்தில் அடக்கம், அதன் பிறகு போட்டியில் பரிசு. இப்படித்தான் எல்லோரும் திட்டம் போட்டோம்.

பொறுத்துப் பார்த்த சேர் ஒரு சட்டம் போட்டார். கதையில் யாரையாவது சாகடிக்க விரும்புகிறவர், எழுத முன்னமே வகுப்பின் முன்னால் நின்று அந்தச் செத்தவீட்டை நடத்த வேண்டும். சவப்பெட்டி எடுக்க யார் போவது, கனடாச் சித்தப்பாவுக்கு யார் சொல்வது, அவர் போனிலேயே குழறி அழுதால் என்ன செய்வது? கேள்வி மேல் கேள்வியாக வரும்.

பாமன்கடைப் பக்கம் இருக்கும் பைசால், முஸ்லிம்களான தங்கள் ஆட்கள் அன்றைக்கே அடக்கிவிடுவார்கள் என்று சொல்லித் தப்பப் பார்த்தான். அப்படியென்றால் சுறுக்காகப் பதில் சொல்லு என்றார் சேர். பைசாலின் கதையில் வாப்பா உடனே சுகமாகிவிட்டார்.

நான் என் கதாநாயகனைக் கடற்கரை ரயிலின் முன்னால் தள்ளத் திட்டம் போட்டிருந்தேன். பொலிசுக்குச் சிங்களத்தில் என்ன சொல்லுவாய் என்று கேட்டார். என் சிங்களத்தின் லட்சணத்தால் அவன் காலில் சின்னக் காயத்தோடு தப்பினான். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

ஒருநாள் கொட்டாஞ்சேனையில் இருந்து வரும் ஜூலியட் முன்னால் போய் நின்றாள். புதிதாகச் சேர்ந்தவள். அவளுடைய கதையில் அப்பா சாகிறார். சேர் வழக்கம்போலத் தொடங்கினார்.

"பெட்டி எடுக்க ஆர் போறது?"

"மாமா போனவர், சேர். பதட்டத்தில அளவைப் பிழையாச் சொல்லிட்டார். அப்பா நல்ல உயரம். திரும்பப் போய் மாத்தினவர்."

பைசால் சிரிக்க வாயைத் திறந்து, மூடிக்கொண்டான். சேரின் முகம் கறுத்துவிட்டது. மெதுவாகக் கதிரையில் இருந்தார்.

"வேண்டாம் பிள்ளை. வேற கதை எழுதுவம்."

"இல்ல சேர், எனக்கு இதைத்தான் எழுதோணும். அம்மா அழுவா எண்டு வீட்டில ஒருத்தரும் அப்பாவைப் பத்திக் கதைக்கிறதே இல்ல. இங்கயும் ஏலாதெண்டா நான் எங்க போய்ச் சொல்றது?"

சேர் எழும்பிக் கீழே போனார். எங்களுக்குப் பயமாகப் போய்விட்டது, கோபித்துக்கொண்டு போய்விட்டாரோ என்று. கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கடையில் வாங்கிய பிளேன்டிக் கோப்பைகளோடு மூச்சு வாங்க ஏறி வந்தார். எல்லோருக்கும் தன் கையாலேயே தந்துவிட்டு, எங்களோடு வாங்கில் வந்து உட்கார்ந்தார். ஜூலியட் திட்டமெல்லாம் பார்க்காமல், அப்பா துறைமுக வேலைக்குப் போன கடைசிக் காலையில் இருந்து சொல்லத் தொடங்கினாள். இடையில் அழுதாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி சொன்னாள். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

அவள் சொல்லி முடித்ததும் திருத்தம் ஏதும் சொல்லுவார் என்று பார்த்தோம். சேர் கண்ணாடியைக் கழற்றிச் சேர்ட் நுனியில் துடைத்தார்.

"அப்பாட பேர் என்ன, பிள்ளை?" என்று கேட்டார்.

அந்த மனிதர்மேல் எனக்கு இருக்கிற பாசமெல்லாம் அந்தக் கேள்வியில் தொடங்கியதுதான்.