போறது போறோம், அப்படியே...

"நாடகம் பாக்கத்தானே போறோம்? அதுக்கு எதுக்குங்க மிக்ஸி?"

"மிக்ஸி நாடகம் பாக்க வரல. ரிப்பேருக்கு வருது. போறது போறோம், அப்படியே கடையில குடுத்துட்டுப் போயிடலாம்."

"சரி, உங்க அக்கா?"

"அவங்களுக்கு ஜன்னல் திரைத்துணி வாங்கணுமாம். போறது போறோம்ல?"

"முட்டி ஆபரேஷன் பண்ணிக்கிட்ட உங்க பழைய மேனேஜர்?"

"அவர் வரல. நாமதான் போய் அவரைப் பாக்கறோம். வழியிலதானே இருக்கு?"

"அவர் வீடு வடக்க. நாடகம் தெக்க."

"உலகம் உருண்டைதானே? சுத்திட்டு வந்தா எல்லாமே வழியிலதான்."

இந்தப் பேச்சு காலை வேளையில் மாடிப்படியில் நடந்தது. அந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர்கள் எல்லோரும் கதவைத் திறக்காமலேயே காதைத் திறந்து கேட்டார்கள். ஏதோ புருஷன் பொண்டாட்டி சண்டை என்று நினைத்திருப்பார்கள். பாவம், ஒரு சரித்திரச் சம்பவம் தங்கள் வாசலைத் தாண்டி மிக்ஸியோடு இறங்கிப் போவது அவர்களுக்குத் தெரியவில்லை.

மனித இனத்தைக் குகையை விட்டு வெளியே கொண்டுவந்தது நெருப்பு இல்லை, சக்கரமும் இல்லை. "போறது போறோம், அப்படியே" என்கிற மகா வாக்கியம்தான். தண்ணீர் எடுக்கப் போன ஆதிமனிதன் "போறது போறோம், அப்படியே ஒரு மானையும் அடிச்சிட்டு வந்துடலாம்" என்று என்றைக்கு நினைத்தானோ அன்றைக்குப் பிறந்தது நாகரிகம். அவன் கடைசியில் தண்ணீர் கொண்டுவந்தானா என்பது பற்றித் தகவல் இல்லை.

அந்த ஆதிமனிதனின் நேர் வாரிசு நம்முடைய அட்டவணையார். நகரப் பேருந்துக் கழகத்தில் கால அட்டவணைப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். எந்தப் பேருந்து எந்த நிறுத்தத்துக்கு எப்போது வரவேண்டும் என்று தீர்மானிக்கிறவர். "சிறந்த அட்டவணை" என்று கேடயமெல்லாம் வாங்கியிருக்கிறார். பேருந்து வரவில்லையே என்று யாராவது கேட்டால் நிதானமாகப் பதில் சொல்வார்: "பஸ்தான் லேட்டு. அட்டவணை ஒரு நாளும் லேட்டானதில்ல." அவர் மட்டும் அலுவலகத்துக்குக் காரில் போவார். எதையும் உள்ளே இருந்து பார்த்தவர்களுக்குத்தானே உண்மை தெரியும்!

அவருடைய மனைவி ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் "இதோ, அடுத்து நீங்கதான்" என்று நாள் முழுக்கச் சொல்வது வேலை. ஒரே ஒரு தம்பி அவளுக்கு. அவனுக்கு அவள் அக்கா. நமக்கும் அக்கா என்றே இருக்கட்டும்.

தம்பி பகலில் எலெக்ட்ரீஷியன். சாயங்காலமானால் நாடகக்காரன். பல வருஷமாக ஒரு குழுவில் கூட்டத்தில் ஒருவன், காவலாளி, ஒரு தடவை மரம். மரமாக நின்றபோது கொஞ்சம் ஆடிவிட்டான் என்று விமர்சனம் வந்தது. இந்தத் தடவை முதல்முறையாக அவனுக்கு வசனம் கொடுத்திருந்தார்கள். முதல் காட்சியில் தபால்காரர். வீட்டு வாசலில் வந்து நின்று கூப்பிட்டு, ஒரு தந்தியைப் படித்துச் சொல்லிவிட்டு, அங்கேயே மாரடைப்பில் செத்துப்போக வேண்டும். அதோடு அவன் வேலை முடிந்தது. தாமதமாக வருகிறவர்களுக்குப் பிணம்கூடக் கிடைக்காது.

தம்பிக்கு ஒரு வியாதி. மேடையில் ஏறினால் மறந்துபோகும். ஒத்திகையில் வாசல் வரைக்கும் வந்து, திருதிருவென்று விழித்து, நேராகச் செத்துப்போயிருக்கிறான். வீட்டில் போனில் அக்காவிடம் சொல்லும்போது மட்டும் ஒரு எழுத்துப் பிசகாது.

"நீ மூணாவது வரிசையில உக்காந்துடுக்கா. உன் மூஞ்சியப் பாத்தா எனக்கு வந்துடும். நீ இல்லேன்னா டைரக்டர் என்னத் திரும்ப மரமாக்கிடுவாரு."

"வந்துடறேன்டா. மலை பேந்தாலும் வந்துடறேன்."

மலை பெயர்வதை அக்கா எதிர்பார்த்திருந்தாள். திட்டத்தைத்தான் எதிர்பார்க்கவில்லை.

சாயங்கால நாடகத்துக்குச் சாயங்காலம் கிளம்பினால் அது சாதாரணப் பயணம். அட்டவணையார் அதை "ஒருங்கிணைந்த முழுநாள் நகர உலா" என்று உயர்த்தினார். வாட்ஸாப்பில் குழு தொடங்கினார். ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் அழைப்பு அனுப்பினார். கல்லூரியில் படிக்கும் மகள் "உணவுத் துணைக்குழு"வின் தலைவி ஆனாள். உறுப்பினரும் அவளே. எந்த ஓட்டலுக்கு எத்தனை நட்சத்திரம் என்று ஒரு வாரம் ஆராய்ந்தாள்.

"அப்பா, இந்த ஓட்டல்ல பாத்ரூம் சூப்பரா இருக்குன்னு எல்லாரும் எழுதியிருக்காங்க."

"சாப்பாடு?"

"அதப்பத்தி யாருமே எழுதலப்பா. பாத்ரூமப் பத்தி மட்டும்தான்."

"அப்ப சாப்பாட்டுக்கும் பாத்ரூமுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்குன்னு அர்த்தம். வேற பாரு."

இப்படி எல்லாம் அலசி, எல்லாம் சேர்த்து, பார்க்கிங் வரைக்கும் யோசித்த அந்த மாபெரும் திட்டத்தில் ஒன்றே ஒன்று விட்டுப்போயிருந்தது. நாடக டிக்கெட். அதைத் தம்பி கொடுத்த அன்றே அக்கா தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். வரவேற்பு மேசைக்காரிக்கு யாரை எங்கே உட்காரவைக்கவேண்டும் என்று தெரியும்.

முதலில் மிக்ஸி கடை. "சாயங்காலம் வாங்க, ரெடியா இருக்கும்" என்றார் கடைக்காரர். அந்தக் குரலை அக்காவுக்கு நன்றாகத் தெரியும். அவள் தினமும் "அடுத்து நீங்கதான்" சொல்லும் அதே குரல்.

பிறகு பழைய மேனேஜர் வீடு. அவர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து விளக்கினார்.

"இது பழைய முட்டி. இது புது முட்டி. வித்தியாசம் தெரியுதா?"

"பழசு ரொம்ப நல்லா இருக்கு சார்" என்று கூட வந்திருந்த நாத்தனார், அதாவது அட்டவணையாரின் அக்கா, மரியாதைக்குச் சொல்லிவைத்தாள்.

"நடந்தே காட்டறேன் பாருங்க!" என்று அவர் எழுந்தார். கூடத்திலிருந்து சமையலறை வரைக்கும் நடந்தார். திரும்பி வரவும் செய்தார். நடுவில் பிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு இடைவேளை விட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். அன்றைக்கு அந்தக் குடும்பம் மொத்தமாக உட்கார்ந்து பார்த்த ஒரே அரங்க நிகழ்ச்சி அதுதான்.

ஓட்டலில் கூட்டம். நட்சத்திரம் பார்த்து வந்தவர்கள் வானசாஸ்திரிகளைப் போல வாசலில் அண்ணாந்து நின்றார்கள். சாப்பிட்டு முடிக்கும்போதே வெயில் தாழ்ந்துவிட்டது. அங்கிருந்து பல மாடித் துணிக்கடை. நாத்தனாருக்கு நீலத்தில் திரைத்துணி வேண்டும்.

"இது வானம் மாதிரி இருக்கு. எனக்குக் கடல் மாதிரி வேணும்."

கடைக்காரப் பெண் கடலை விரித்தாள்.

"இது ரொம்ப ஆழமான கடலா இருக்கே. கரையோரமா காட்டும்மா."

அக்காவின் போன் அடித்தது. தம்பி.

"மேக்கப் போட்டாச்சுக்கா. கெளம்பிட்டியா?"

"காலையிலயே கெளம்பிட்டோம்டா."

"காலையிலயேவா?" தம்பியின் குரல் நெகிழ்ந்தது. "எனக்காகவா?"

அக்கா அவசரமாகப் போனை வைத்தாள். கரையோரக் கடல் மூட்டை கட்டப்பட்டு அவள் மடியில் வந்து விழுந்தது.

"போதும். நேரா நாடகத்துக்குப் போங்க" என்றாள் காரில் ஏறியதும்.

"நேராத்தான் போறோம். மிக்ஸியை எடுத்துக்கிட்டு நேரா."

"மிக்ஸி எங்கயும் ஓடிடாதுங்க. அதுக்கு ஓடத்தெரியாதுன்னுதானே ரிப்பேருக்கே குடுத்தோம்!"

"திட்டத்துல நடுவுல கை வெச்சா மொத்தமும் சரிஞ்சிடும். நீ டென்ஷன் ஆகாத."

கார் நிறுத்துமிடத்தின் வளைவுப் பாதையில் வரிசை நின்றது. முன்னாலும் கார், பின்னாலும் கார். எல்லாக் காருக்குள்ளும் ஒவ்வொரு திட்டம் உட்கார்ந்திருந்தது. மகள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "அப்பா, ஒருத்தர் காரை விட்டு இறங்கி சுண்டல் வாங்கி சாப்பிட்டுட்டு, கையும் கழுவிட்டுத் திரும்ப ஏறிட்டாரு."

அக்கா கதவைத் திறந்தாள்.

"எங்க போற?"

"பஸ்ஸுல போறேன்."

அட்டவணையாரின் முகத்தில் ஈயாடவில்லை. "பஸ்ஸையா நம்பிப் போற?"

"நீங்க போட்ட அட்டவணைதானே?"

"அதனாலதான்டி சொல்றேன்!"

அவருடைய முப்பதாண்டு அரசுப் பணியில் அவர் சொன்ன மிக நேர்மையான வாக்குமூலம் அது. மடியில் இருந்த மூட்டையை வைக்கக்கூட மறந்து அக்கா ஓடினாள்.

அவள் நிறுத்தத்துக்கு வரவும் பேருந்து வரவும் சரியாக இருந்தது. ஏறி மூச்சு வாங்கிக்கொண்டே நடத்துனரிடம், "கரெக்ட் டயத்துக்கு வந்துட்டீங்களே!" என்றாள்.

"கரெக்ட் டயமா?" நடத்துனர் சிரித்துவிட்டார். "இது மத்தியானம் வரவேண்டிய வண்டிம்மா."

கணவரின் அட்டவணை ஒரு மனித உயிருக்கு உதவிய முதல் சந்தர்ப்பம் என்று இதைப் பதிவுசெய்ய வேண்டும்.

அரங்கத்தில் கதவு சாத்திக்கொண்டிருந்தார் காவலாளி.

"மணி அடிச்சாச்சும்மா. அடுத்து இடைவேளைலதான்."

"அதுக்குள்ள என் தம்பி செத்துருவான்ங்க!"

அவர் பதறிக் கதவை விட்டார். அக்கா உள்ளே நுழைந்துவிட்டாள்.

இருட்டு. முட்டி முட்டியாக இடித்துக்கொண்டு மூன்றாவது வரிசைக்குள் அவள் நகர்ந்துகொண்டிருந்தபோது, மேடையில் தபால்காரர் வாசலுக்கு வந்துவிட்டார்.

"வீட்டுல யாராவது இருக்கீங்களா?"

அடுத்த வசனம் வரவில்லை. தம்பியின் கண் மூன்றாவது வரிசையைத் தேடியது. அங்கே நாலு காலி நாற்காலி.

"வீட்டுல... யாராவது இருக்கீங்களா?"

ஆஹா, என்ன ஒரு தவிப்பு, நவீன நாடகம்னா இதுதான் என்று ஒருவர் பக்கத்து இருக்கைக்காரரிடம் கிசுகிசுத்தார். மேடை ஓரத்தில் டைரக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"யாருமே... இல்லையா?"

தம்பியின் கை மெதுவாக நெஞ்சுப் பக்கம் போனது. அவன் நேராகச் செத்துவிடப் போகிறான் என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

"இருக்கேன்டா! மேல சொல்லு!"

அரங்கமே திரும்பியது. கையில் நீல மூட்டையோடு வரிசை நடுவில் ஒரு பெண் நின்றிருந்தாள். தம்பியின் முகம் மலர்ந்தது. கடகடவென்று தந்தியைப் படித்தான். ஒரு எழுத்துப் பிசகவில்லை. பிறகு நிதானமாக, அழகாக, ஒரு சுற்றுச் சுற்றிச் செத்துப்போனான். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பிணமே ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது.

நாடகம் முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது அட்டவணையார் வாசலில் நின்றிருந்தார். இடுப்பில் மிக்ஸி. பின்னால் மகளும் நாத்தனாரும். நாத்தனார் ஓடிவந்து மூட்டையைத்தான் முதலில் தடவிப் பார்த்தாள்.

"மாமா, எப்படி இருந்துச்சு?" என்றான் தம்பி, மீசை பாதி ஒட்டிய முகத்தோடு.

"பிரமாதம் மாப்ள! கைதட்டு ரோடு வரைக்கும் கேட்டுச்சு!" என்றவர், மனைவியின் பக்கம் வெற்றிப் புன்னகையோடு திரும்பினார். "பாத்தியா? மிக்ஸி ஆச்சு, முட்டி ஆச்சு, சாப்பாடு ஆச்சு, துணி ஆச்சு. எல்லாமே திட்டப்படி முடிஞ்சுது. நாடகம் ஒண்ணுதான் பாக்கி."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாளைக்கும் இதே நாடகம் இருக்காமே?" என்றார் அவர். "வரலாமே! போறது போறோம், அப்படியே..."

"நீங்க வாங்க. நான் மத்தியான பஸ்ஸுல வந்துடறேன்" என்றாள் அக்கா. "அது சாயங்காலம்தான் வரும்."

திட்டம் போடத் தெரியாதவன் ஏதாவது ஒன்றைக் கோட்டைவிடுவான். எதற்காக வீட்டைவிட்டுக் கிளம்பினோமோ அதை மட்டும் பார்த்துப் பார்த்துக் கோட்டைவிட, முறையாகத் திட்டம் போடத் தெரிந்த ஒருவரால்தான் முடியும். அப்படி ஒருவர் வீட்டுக்கு வீடு இருக்கிறார். சில வீட்டில் அது நீங்களாகவே இருக்கலாம்.

ஆகவே இதைப் படித்தவர்கள் தயவுசெய்து கீழே பதில் எழுதுங்கள். ஒரே ஒரு ஆளுக்காக, ஒரே ஒரு வேலையாக, நேராகப் போய்ச் சேர்ந்து நீங்கள் கடைசியாக உட்கார்ந்தது எப்போது? அதை மட்டும் எழுதினால் போதும். எழுதறது எழுதறோம், அப்படியே என்று ஆரம்பித்துவிடாதீர்கள்.