மாதிரித் தாளில் செத்துப்போன சம்பந்தி

மாதிரியைப் பார்த்து எழுதுகிறவனுக்கு மூளை வேண்டாம் என்பது பிரெஞ்சு சர்க்காரின் எண்ணம். அதனால்தான் பாகூர் மேரியில் (கொம்யூன், அதாவது ஊராட்சி, கச்சேரியை அப்படித்தான் சொல்வோம்) எனக்கு எழுத்தர் வேலை கிடைத்தது.

சேர்ந்த புதிதில் ஒரு பிறப்புப் பதிவில் 'மேற்படி' என்ற சொல் அநாவசியமாகப் பட, அதை விட்டுவிட்டேன். தலைமை எழுத்தர் தாளைக் கிழித்தெறிந்தார்.

"மாதிரியில இருக்கறத மாத்த நீ யாருடா? இன்னொரு தபா கொறைச்சி எழுதினா வேலைக்கே வராத!"

அன்றோடு யோசிப்பதை விட்டேன். உடம்புக்கு அதுவும் நல்லதாகவே இருந்தது.

இந்த லட்சணத்தில் என் அக்கா தனத்துக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை வீடு குருவிநத்தம், கரும்பு வைக்கிற குடும்பம். மேரியில் கல்யாணப் பதிவை எழுத வேண்டியவன் நான். மாதிரித் தாளில் மாப்பிள்ளையின் தகப்பனார் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்றிருந்தது (எந்த ஊர் மாப்பிள்ளைக்கு எழுதியதோ!). நானும் எழுதினேன். சம்பந்தி உயிரோடு இருப்பது எனக்குத் தெரியாமலில்லை. முந்தின நாள்தான் எங்கள் வீட்டில் சாம்பாரைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆனாலும் மாதிரி மாதிரிதானே?

கல்யாணத்தன்று மேரியில் மேயர் எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படித்தார். "காலஞ்சென்ற கோவிந்தசாமியின் மகன்..."

சம்பந்தி துள்ளி எழுந்தார். "இன்னாது? குத்துக்கல்லாட்டம் ஒக்காந்துகினு இருக்கேன், நான் காலஞ்சென்றவனா? அபசகுனம்! இந்தக் கல்யாணத்துக்கு எனக்குச் சம்மதம் இல்ல. ஏந்திரிடா, வூட்டுக்குப் போலாம்!"

மாலையோடு நின்ற அக்கா என்னைப் பார்த்தாள். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

"அடிச்சி எழுதிடறேங்க" என்றேன்.

"பதிவுல அடிக்கக் கூடாது. திருத்தணும்னா புதுச்சேரி கோர்ட்டுத் தீர்ப்பு வரணும்" என்றார் தலைமை எழுத்தர்.

மேயருக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. அலுப்போடு அடுத்த வரியைப் படித்தார். "தகப்பனார் காலமாகிவிட்டபடியால், தாயாரின் சம்மதத்துடன்..." நிமிர்ந்து மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தார். "சம்மதமா?"

அந்த அம்மாளை அதுவரை யாரும் எதற்கும் சம்மதம் கேட்டதில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "சம்மதம்!" என்றார். அவர் மேல் எனக்கு வந்த பிரியம் இன்னும் குறையவில்லை.

"அடியே, நான் இருக்கசொல்ல..." என்று சம்பந்தி ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க. எழுதினது எழுதினதுதான்" என்று மேயர் பேனாவை மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

கல்யாணம் நடந்தது. சம்பந்தியும் வெகுகாலம் திடகாத்திரமாக இருந்தார். ஆனால் பிரயோஜனமில்லை. பேத்திக்குப் பெயர் வைப்பதிலிருந்து பசுமாடு வாங்குவதுவரை, யாராவது அவரிடம் யோசனை கேட்டால், உள்ளேயிருந்து அந்த அம்மாளின் குரல் வரும்:

"அவர இன்னாத்துக்குக் கேக்கற? மேரி எழுத்துல அவரு இல்லியே. என்னக் கேளு!"