பன்னிரண்டு அடிப் பாலம்

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கண் மட்டும்தான் இருக்கிறது, கை கிடையாது. எதைக் காட்டினாலும் பார்க்கிறார்கள், தலையாட்டுகிறார்கள், அடுத்ததைக் காட்டு என்கிறார்கள். கிட்டே போய் விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டிப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றுவதில்லை. நிழற்கோட்டை ராஜ்யத்தில் இந்த வியாதி அநியாயத்துக்கு முற்றிப்போய்விட்டது என்பது வேம்புலியின் கட்சி.

வேம்புலி அந்த நாட்டில் செட் போடுகிற தச்சர். நாற்பது வருஷமாக அரண்மனைப் படப்பிடிப்புக் கூடத்தில் வேலை. பிளைவுட்டில் கோயில் கட்டியிருக்கிறார், தெர்மாகோலில் மலை செதுக்கியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் உட்கார்ந்ததோடு சரி. ஆனால் தொழிலில் ஒன்றை மட்டும் அவர் விட்டுக்கொடுத்ததில்லை. நடிக்கிறவன் கால் படுகிற இடத்தில் நிஜ மரம் போடவேண்டும். மற்ற இடமெல்லாம் பெயின்ட் அடித்தால் போதும்.

அந்த நாட்டைக் கருவாறு என்கிற ஆறு கிழக்காகவும் மேற்காகவும் பிரித்து ஓடியது. வருஷம் முழுக்க ஆள் முழுகத் தண்ணீர். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ராஜா கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இதை நானே போட்டுக்கொள்ளட்டுமா?" என்று குடிகளைக் கேட்கவேண்டும் என்பது சட்டம். அப்படிக் கேட்ட ராஜாக்கள் அத்தனை பேரும் ஆற்றுக்குப் பாலம் போடுவதாகச் சொன்னவர்கள்தான். இப்போதைய ராஜா சொன்னதைக் காட்டுகிறவர். கிரீடம் கேட்கும் நாளுக்கு ஒரு வாரம் இருக்கையில் காட்சித்துறை மந்திரி மெய்நம்பியார் கூடத்துக்கு வந்து, வெள்ளிக்கிழமைக்குள் பாலம் வேண்டும் என்றார்.

வேம்புலி ஒன்றே ஒன்று கேட்டார். "ராஜா எத்தினி அடி நடப்பாருங்க?"

"மாமன்னர் தம் திருவடிகளைப் பன்னிரண்டு முறை எடுத்து வைப்பார். அதன்பின் கேமரா வானத்தை நோக்கும்."

பன்னிரண்டு அடிக்கு இரும்புக் குழாய் நட்டுத் தேக்குப் பலகை போட்டார் வேம்புலி. அதற்கப்பால் கொஞ்ச தூரம் சவுக்குக் கட்டையில் பிளைவுட்டை நிறுத்திக் கருங்கல் மாதிரி பெயின்ட் அடித்தார். மிச்சப் பாலத்தைத் துணியில் போகப் போகச் சின்னதாக வரைந்து தொங்கவிட்டார். ராஜா நடந்தார். மாலைச் செய்தியில் காட்டினார்கள். ஜனங்கள் கைதட்டினார்கள். கிரீடம் இருந்த தலையிலேயே இருந்தது.

மாலைச் செய்தியில் காட்டப்பட்டது நடந்ததாகக் கருதப்படும் என்று அந்த நாட்டில் ஒரு சட்டப்பிரிவு உண்டு. ஆகவே முதல் ஆணை வந்தது: பாலம் இருக்கையில் படகு எதற்கு. படகுகளை அறுத்து, விழா பார்க்க வருகிறவர்கள் உட்கார முக்காலி செய்தார்கள். ஆறு இறங்கி வரும் மலையைச் சுற்றி ஒன்றரை நாள் நடந்து அக்கரைக்குப் போனவர்கள்மேல் பாலத்தைப் புறக்கணித்த குற்றம் பதிவானது. யாரோ நாலு பேர் பாலத்துத் தூணைத் தட்டிப் பார்த்து, சத்தம் சரியில்லையே என்று பேசிக்கொண்டார்களாம். பொதுச்சொத்தை விரலால் தட்டுவது ராஜதுரோகம் என்று இரண்டாவது ஆணை வந்தது.

வேம்புலி இரண்டுக்கும் அசரவில்லை. மூன்றாவதுதான் அவர் வீட்டுக்குள் வந்தது. பத்து நிமிஷ நடையில் மேற்குக் கரையின் பெரிய ஆஸ்பத்திரி இருப்பதால் கிழக்குக் கரை ஆஸ்பத்திரி இன்றோடு மூடப்படுகிறது.

அவர் மனைவி பூங்காவனத்துக்குச் சர்க்கரை வியாதி. வலது குதிகாலில் ஒரு புண். வாரத்துக்கு இரண்டு தடவை அந்த ஆஸ்பத்திரியில்தான் கட்டு மாற்றுவார்கள். விட்டால் காலை எடுக்கவேண்டி வரும் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

பூங்காவனம் கவலைப்படவில்லை. புடவையை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"வாய்யா, அக்கரை ஆஸ்பத்திரிக்கே போவலாம். பாலந்தான் கீதே."

"பாலம் பன்னெண்டு அடிதான் கீது."

"டிவில ராஜா போனாரேய்யா."

"பதிமூணாவது அடி வெச்சிருந்தா ஆத்துல போயிருப்பாரு."

அவள் ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, கோபமே இல்லாமல், "நீதானய்யா கட்டுனே" என்றாள்.

வேம்புலி அவளை உள்ளே கூட்டிப்போனார். வெந்நீர் வைத்து உப்புப் போட்டார். அவள் காலை மடியில் தூக்கி வைத்துக் கழுவினார். மெத்தென்ற பழைய வேட்டியாகப் பார்த்துக் கிழித்துக் கட்டினார். ரம்பம் பிடித்த கை, முடிச்சு இறுகிவிடுமோ என்று மூன்று தடவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டியது. கல்யாணத்தில் தாலி முடியக்கூட நீ இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை என்று அவள் சிரித்தாள். நாலாம் நாள் புண் ஓரம் கறுத்திருந்தது. அன்று அவள் சிரிக்கவில்லை.

வேம்புலி மந்திரியைப் பார்க்கப் போனார். ஜனங்களுக்குப் பாலம் வேண்டும் என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டவர்களுக்கு அங்கே பாலத்தின் படம் போட்ட காலண்டர் கொடுத்து அனுப்புவதைப் பார்த்திருந்தார்.

"ஊர்ல ஒரு பேச்சுங்க" என்றார். "ராஜாவால பன்னெண்டு அடிக்கு மேல நடக்க முடியாதாம். மூட்டு வலியாம்."

மெய்நம்பியார் எழுந்தே நின்றுவிட்டார். "மாமன்னரின் முழங்கால்தான் இந்த நாட்டின் முதுகெலும்பு. அவர் இக்கரையிலிருந்து அக்கரைவரை நடந்து காட்டுவார்."

"அப்ப முழுசுக்கும் நெச மரம் போடணுங்க."

"போடு. தாமதித்தால் முழங்காலுக்கு இழுக்கு."

எட்டே நாள். படகு இழந்தவர்களை வேம்புலி வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். ஆற்றின் மேடு பள்ளமெல்லாம் அவர்களுக்குத்தான் அத்துபடி. அவர்களில் மூத்தவரான குப்புராசு தண்ணீருக்குள் முழுகி முழுகி ஒவ்வொரு கம்பமும் பாறையில் நின்றதா என்று பார்த்துவிட்டு வந்து தலையசைப்பார். இந்தத் தடவை வேம்புலி பெயின்ட் டப்பாவைத் திறக்கவே இல்லை. ஒவ்வொரு பலகையிலும் தானே ஏறிக் குதித்துப் பார்த்த பிறகுதான் அடுத்ததை அடித்தார். காலையிலும் மாலையிலும் வீட்டுக்கு ஓடி, பூங்காவனத்தின் காலைக் கழுவிக் கட்டிவிட்டு வந்தார்.

ஒன்பதாம் நாள் ராஜா இரண்டு குடைகளுக்கு நடுவே அக்கரைவரை நடந்தார். கேமரா முகத்தைவிட முழங்காலையே அதிகம் காட்டியது. மறுநாள் குடிகளும் நடக்கலாம் என்று அனுமதி வந்தது. முழங்கால் போற்றும் நடை என்று அதற்குப் பெயர்.

பூங்காவனத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு வேம்புலி பாலத்தில் ஏறினார். முன்னாலும் பின்னாலும் கிழக்குக் கரை நோயாளிகள். தூக்குக் கட்டிலில் ஒருவர், இருமிக்கொண்டு இருவர், பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி. பாதிப் பாலத்தில் எதிரே இன்னொரு கூட்டம் வந்தது. அதிலும் கட்டில், அதிலும் இருமல். முன்னால் தகர டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெள்ளைப் புடவையில் ஒரு நர்ஸ். தவமணி என்று பெயர்.

"எங்கம்மா போறீங்க இத்தினி பேரும்?" என்று வேம்புலி கேட்டார்.

"உங்க கரை ஆஸ்பத்திரிக்குத்தான்யா. பத்து நிமிஷத்துல கிழக்க ஒண்ணு இருக்குதுன்னு சொல்லி எங்க பெரிய ஆஸ்பத்திரியப் பூட்டிட்டாங்க."

"எங்களுதயும் பூட்டிட்டாங்கம்மா. மேற்க ஒண்ணு இருக்குதுன்னு."

கிழக்குக்குக் கிழக்குச் செய்தி, மேற்குக்கு மேற்குச் செய்தி என்று டிவியில் தனித்தனியாகக் காட்டியதால் இரண்டு கரைக்கும் விஷயம் தெரிந்திருக்கவில்லை. இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றது. கீழே ஆறு ஓடியது.

தவமணிதான் முதலில் அசைந்தாள். பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். "காலை நீட்டுங்கம்மா" என்றாள். வேட்டிக் கட்டை அவிழ்த்துப் பார்த்தவள், "யார் கட்டுனது? நல்ல சுத்தமாத்தான் வெச்சிருக்காங்க. கால் தப்பிச்சிடும்" என்றாள். பூங்காவனம் புருஷனைப் பார்த்தாள். அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

கட்டு மாற்றி முடிப்பதற்குள் பின்னால் வரிசை உட்கார்ந்துவிட்டது. குடிகளின் மகிழ்ச்சியைப் படமெடுக்க வந்த மெய்நம்பியார் கேமராவோடு அங்கே வந்து சேர்ந்தார். பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"மாமன்னரின் புதிய கொடை, நடுப்பால மருத்துவமனை" என்று அங்கேயே அறிவித்தார். எழுத்தரைக் கூப்பிட்டு எழுதிக்கொள்ளச் சொன்னார். "மருத்துவமனைக்கு அமைதி இன்றியமையாதது. ஆகவே நாளை முதல் பாலத்தில் ஆள் நடமாட்டம் தடைசெய்யப்படுகிறது. வேம்புலி, முகப்புக்கு நான்கு தூண் போதும்."

எல்லாரும் கைதட்டினார்கள். கட்டிலில் இருந்தவர்கூடத் தட்டினார். பூங்காவனமும் தட்டினாள்.

"பாரேன்யா, நட்டாத்துலயே ஆஸ்பத்திரி வந்திருச்சு. இப்பவாச்சும் நம்பு."

வேம்புலி தவமணியிடம் குனிந்து, அடுத்த கட்டு என்றைக்கு என்று மட்டும் கேட்டுக்கொண்டார். வியாழக்கிழமை என்றாள் அவள். மேற்குக் கரைப் படித்துறையை ஒட்டித்தான் தன் வீடு என்றும் சொன்னாள். அவர் பூங்காவனத்தைக் கைத்தாங்கலாக எழுப்பி, கிழக்குப் பக்கம் திருப்பினார். கைப்பிடிக் கட்டையில் சாய்ந்திருந்த குப்புராசைத் தாண்டும்போது நடையை நிறுத்தாமல் கேட்டார்.

"ஏம்பா, ஒரு படகு செய்ய உனக்கு எத்தினி நாளாவும்?"

"நாலு நாள்ணா."

"வியாழக்கிழமைக்குள்ள முடி. மரம் நான் தரேன்."

தூண் எத்தனை அடி உயரம் வேண்டும் என்று மந்திரி பின்னாலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். பூங்காவனத்தின் புதுக் கட்டு ஈரப் பலகையில் படாமல் பார்த்துப் பார்த்து நடத்திக்கொண்டு வேம்புலி போய்க்கொண்டேயிருந்தார்.