நாற்பத்தொரு வண்டிகளும் ஒன்பது நொடிகளும்

மாலை ஆறு மணி ஃபெர்ரியை நிறுத்துவது குறித்துப் பொதுமக்களின் மேலான கருத்தை அறிய, எங்கள் மாவட்டப் போக்குவரத்து அலுவலகம் திருவுளம் கொண்டது. கரையிலிருந்து தீவுக்கு வீடு திரும்ப அதுதான் கடைசி. அதற்கு முந்தையது மூன்று மணிக்கு. மீன் லாரி ஓட்டும் எய்லிஃபின் மனைவி போர்கில்டுக்கு வாரம் மூன்று நாள் கரையில் டயாலிசிஸ். முடிய ஐந்தாகிவிடும். ஆறு மணி ஃபெர்ரி நின்றுபோனால், அவர்கள் தீவை விட்டே போக வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை வட்டாரத் தொலைக்காட்சியிலிருந்து தோருன் கேமராவோடு துறைக்கு வந்தாள். ஆறு மணி ஃபெர்ரியில் ஏற வரிசையில் நாற்பத்தொரு வண்டிகள். முழுவதையும் அகலமாக எடுத்துத் தன் தொலைக்காட்சி நிலையத்துக்கு அனுப்பினாள். உடனே அங்கிருந்து போன் வந்தது; ஸ்பீக்கரில் போட்டாள். பேசியவர் ஐவிந்த், பதவி, 'உடனடிப் பயன்பாட்டுக்கு உகந்த வடிவில் களக் காட்சிகளை ஒப்படைத்தல் பிரிவின் ஒருங்கிணைப்பாளர்'. பக்கத்திலேயே நின்ற எய்லிஃப் பிறகு எனக்குச் சொன்னது இது.

"தோருன், நீ அனுப்புன படம் படுத்துக் கிடக்குது."

"வரிசை தரையிலதானே நிக்குது? படுக்கைவாக்குலதான் அடங்கும்."

"ஜனங்க போனை நிமிர்த்திப் பிடிக்கிறாங்க. படமும் நிமிர்ந்து நிக்கணும். ஒன்பது நொடி. எடிட்டர் கை வைக்காம அப்படியே போடணும்."

"அப்ப ரெண்டு வண்டிதான் தெரியும். கேமராவை மெதுவா நகர்த்தட்டுமா?"

"நகர்த்துனா எங்க நிறுத்துறதுன்னு எடிட்டர் யோசிக்கணும். அவருக்கு யோசிக்க நேரம் ஒதுக்கல."

"சரி, கூரை மேல ஏறி எடுக்கறேன்."

"கண் மட்டத்துலதான் எடுக்கணும். நம்ம கையேட்டுல பதினாலாம் பக்கம் பாரு."

எய்லிஃபுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்ப்பா, வேணும்னா வண்டிகளை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிடட்டுமா?"

ஐவிந்த் நிஜமாகவே யோசித்தார். "அடுக்குனா நல்லாத்தான் அடங்கும். ஆனா அது காட்சியை ஜோடிக்கறது. நம்ம நெறிமுறை ஒத்துக்காது."

ஆக, உண்மைக்கு எந்தப் பங்கமும் வராதபடி, எய்லிஃபின் லாரியும் அதற்குப் பின்னால் பாதிரியாரின் நீலக் காரும் படமாயின. லாரியின் முன் சீட்டில் போர்கில்ட் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். அவள் வாய் திறப்பதற்குள் ஒன்பது நொடி முடிந்துவிட்டது.

படம் நான்கே நிமிடத்தில் வெளியானது. அந்த வட்டாரத்தில் அப்படியொரு வேகத்தை யாரும் கண்டதில்லை. ஐவிந்த் பிரிவினருக்குக் கேக் வரவழைத்தார்.

நான் முப்பத்தெட்டாவது வண்டியில் இருந்தேன். எனக்கு முன்னால் முப்பத்தேழு வண்டிகள் நின்றன. அதையெல்லாம் நான் பார்க்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தைக் கண்டதும் எரிச்சலாக வந்தது. 'ரெண்டு வண்டிக்கா இவ்வளவு கூப்பாடு?' என்று கீழே எழுதினேன். வரிசையில் இருந்த மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. வரிசையாகக் கட்டைவிரலைத் தூக்கி ஆமோதித்தார்கள்.

ஜனவரியில் ஆணை வந்தது. 'தீவு மக்களே முன்வந்து தெரிவித்த கருத்தைத் தக்க மரியாதையுடன் ஏற்று, ஆறு மணிச் சேவை நிறுத்தப்படுகிறது' என்று எழுதியிருந்தார்கள். என் வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் அப்படியே போட்டிருந்தார்கள். தனியுரிமைச் சட்டப்படி என் பெயரை மட்டும் எடுத்துவிட்டார்கள். ஓர் அலுவலகம் எனக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அது.

மார்ச்சில் எய்லிஃப் வீட்டைக் காலி செய்தான். சோபாவைத் தூக்க என்னைத்தான் கூப்பிட்டான். வெட்கத்தில் என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அதை எழுதின மடையன் யாருன்னு மட்டும் தெரிஞ்சா போதும்டா," என்றான் படியில் நின்று மூச்சு வாங்கியபடி. "உனக்கு ஏதாவது தெரியுமா?"

"உன் பக்கம் கொஞ்சம் தூக்கிப் பிடி," என்றேன். "கதவுல இடிக்குது."